ஹைஸ்கூல் படிக்காத தபால்காரர், போலீஸை காலேஜுக்கு அனுப்பிய கதை: யார் இந்த ஆகஸ்ட் வோல்மர்?

போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நம் கண் முன்னால் என்ன வரும்? உயரம் அளப்பது, மார்பளவு எடுப்பது, மைதானத்தில் மூச்சிரைக்க ஓடுவது. அதோடு எழுத்துத் தேர்வு, பின்னணி விசாரணை, பயிற்சிப் பள்ளி, சட்ட வகுப்பு, தடயவியல் வகுப்பு எல்லாம் உண்டு. இன்றைக்கு இது சாதாரணம். ஆனால் 120 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் நிலைமை வேறு. உள்ளூர் அரசியல்வாதியின் சிபாரிசு இருந்தால் வேலை உறுதி. ஒரு பேட்ஜ், ஒரு தடி, ஒரு துப்பாக்கி கொடுப்பார்கள். பழைய ஆள் ஒருவருடன் சில நாள் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் அந்த வேலையும் போய்விடும்.

இதை மாற்ற நினைத்தவர்களில் முக்கியமானவர் ஆகஸ்ட் வோல்மர். அமெரிக்காவில் நவீன போலீஸின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். போலீஸ்காரருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். ஆனால் அவரே ஹைஸ்கூல் பக்கம் போனதில்லை. அவர் பிற்காலத்தில் போட்ட விதிகளின்படி விண்ணப்பித்திருந்தால், அவருக்கே வேலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கரி, வைக்கோல், போர், தபால்

1876 மார்ச் 7-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார் வோல்மர். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச காலம் ஜெர்மனிக்குப் போனார். பிறகு திரும்பி வந்து, கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் குடும்பம் நிலைகொண்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், விரிகுடாவின் மறுபக்கம் இருக்கும் ஊர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கதையின் பின்பகுதிக்கு இந்தத் தகவல் முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் படிப்பு ஆரம்ப நிலையோடு முடிந்தது. அதோடு கணக்கு எழுதுவது, சுருக்கெழுத்து, டைப்பிங் என்று கைக்கு உதவும் சிலதைக் கற்றுக்கொண்டார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து கரியும் வைக்கோலும் தீவனமும் விற்கும் கடை வைத்தார். ஊரில் தன்னார்வத் தீயணைப்புப் படை அமைக்க உதவினார். 1898-ல் ஸ்பெயினுடன் போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து பிலிப்பைன்ஸுக்குப் போனார். அங்கே பீரங்கிப் படையில் இருந்தார், ஆறுகளில் ரோந்துப் படகிலும் போயிருக்கிறார். அந்த அனுபவம் அவரை விட்டுப் போகவே இல்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும்.

ஊர் திரும்பி 1900-ல் தபால்காரர் ஆனார். தெருத் தெருவாகப் போய் கடிதம் கொடுத்தவருக்கு ஊரில் தெரியாத வீடு இல்லை. 1904-ல் ஒரு நாள், ரயில்வேயின் சரக்குப் பெட்டி ஒன்று பிரேக் விட்டுச் சரிவில் உருள ஆரம்பித்தது. எதிரே பயணிகள் ரயில் நின்றிருந்தது. வோல்மர் ஓடிப்போய் அந்தப் பெட்டிமேல் தாவி ஏறி பிரேக்கைப் போட்டார். பெரிய விபத்து தவிர்ந்தது. ஒரே நாளில் ஊர் ஹீரோ!

உள்ளூர் பத்திரிகை ஆசிரியர் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார். அப்போது பெர்க்லியில் போலீஸ் தலைவர் பதவிக்கு மார்ஷல் என்று பெயர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. 1905 ஏப்ரலில் நடந்த தேர்தலில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். வயது 29. போலீஸ் வேலையில் அனுபவம், பூஜ்யம்.

சைக்கிளும் சிவப்பு விளக்கும்

கையில் கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு ஆட்கள். ஊரிலோ சூதாட்ட விடுதிகள், அபின் கூடங்கள். பணத்தை நீட்டிப் பார்த்தார்கள், வாங்கவில்லை. ரெய்டு நடத்தினார்.

அடுத்து, தபால்காரரின் மூளை வேலை செய்தது. நடந்தே ரோந்து போனால் ஓர் ஏரியாவைச் சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். எனவே போலீஸ்காரர்களைச் சைக்கிளில் ஏற்றினார். பிறகு முக்கியச் சந்திப்புகளில் சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டார். ஸ்டேஷனில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். ரோந்தில் இருப்பவர் அதைப் பார்த்ததும் பக்கத்திலிருக்கும் டெலிபோன் பெட்டியிலிருந்து ஸ்டேஷனைக் கூப்பிட வேண்டும். வாக்கி டாக்கி இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். பின்னாளில் சைக்கிள் மோட்டார் சைக்கிளாகி, அது காரானது.

1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெர்க்லிக்கு வந்து இறங்கினார்கள். தன்னுடைய சின்னப் படை போதாது என்று தெரிந்து, ஊரில் இருந்த முன்னாள் ராணுவ வீரர்களையும் தன்னார்வலர்களையும் தற்காலிகப் போலீஸாக நியமித்தார் வோல்மர். ஒரே ராத்திரியில் ஆளெடுத்து ஒரே ராத்திரியில் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

கோட்டைவிட்ட ஒரு வழக்கு

இவ்வளவும் சுறுசுறுப்பான நிர்வாகியின் கதை. வோல்மர் வேறு பாதைக்குத் திரும்பக் காரணம் 1907-ல் வந்த ஒரு மரணம். சயனைடு விஷத்தால் ஒருவர் இறந்து கிடந்தார். பார்த்தால் தற்கொலை போல இருந்தது. வோல்மருக்குச் சந்தேகம் வந்தது. அவருக்கு அறிவியல் தெரியாது, ஆனால் தெரிந்தவர்கள் யாரென்று தெரியும். நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் உயிரியல் பேராசிரியர் ஜாக் லோப் என்பவரைப் பார்த்தார். லோப் உலக அளவில் பேர் வாங்கிய விஞ்ஞானி. அவருடைய உதவியோடு ஆராய்ந்ததில், இது கொலையாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார் வோல்மர்.

ஆனால் வழக்கு நிற்கவில்லை. குற்றம் சாட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று கைவிடப்பட்டது. காரணம், சம்பவ இடத்துக்கு முதலில் போன போலீஸ்காரர்கள் தடயத்தை ஒழுங்காகச் சேகரிக்கவில்லை. எதைத் தொடக் கூடாது, எதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததே இல்லை.

அந்த ஆட்கள் சோம்பேறிகளும் இல்லை, லஞ்சம் வாங்கியவர்களும் இல்லை. வேலை தெரியாதவர்கள், அவ்வளவுதான். நேர்மையான ஆளைப் போலீஸில் சேர்த்தால் போதும் என்று அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வழக்கில் நேர்மை எதற்கும் உதவவில்லை. லோப் அவருக்குச் சில புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். குற்ற விசாரணையை ஓர் அறிவியலாக அணுகிய ஆஸ்திரிய நீதிபதி ஹான்ஸ் கிராஸ் எழுதியது அதில் முக்கியமானது. முப்பது வயதுக்கு மேல் வோல்மர் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். கடைசி வரை நிறுத்தவில்லை.

ஸ்டேஷனுக்குள் ஒரு ஸ்கூல்

அடுத்த வருஷமே, அதாவது 1908-ல், பெர்க்லி போலீஸ் ஸ்கூலைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஆரம்பகாலப் போலீஸ் பள்ளிகளில் இது ஒன்று. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். நுண்ணோக்கி நிபுணரான ஆல்பர்ட் ஷ்னைடர் அவர்களில் முக்கியமானவர். பக்கத்து ஊர் போலீஸ் அதிகாரிகளும் வந்தார்கள். கைரேகை, புகைப்படம், முதலுதவி, சாட்சியச் சட்டம், சுகாதாரச் சட்டம் என்று பாடங்கள். ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில் வகுப்பு. ராத்திரி முழுக்க ரோந்து போய்விட்டு வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விஷங்களைப் பற்றிய பாடம் கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

1917-ல் வோல்மரும் ஷ்னைடரும் சேர்ந்து இந்தப் பள்ளிக்கான திட்டத்தைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மூன்று வருஷப் பாடத்திட்டம். இயற்பியல், வேதியியல், உயிரியல், உடற்கூறு, நச்சுயியல், மனநோய், குற்றவியல், குற்றச் சட்டம், போலீஸ் நிர்வாகம் என்று பட்டியல் நீளும். 1916 கோடைக்காலத்திலிருந்தே பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் போலீஸ் தொடர்பான வகுப்புகள் தொடங்கிவிட்டன.

ஒரு கான்ஸ்டபிளுக்கு எதற்கு இவ்வளவு? இந்தக் கேள்வியை அன்றைக்கும் கேட்டார்கள். பதில் வோல்மரின் நிர்வாக முறையில் இருக்கிறது. அவருடைய துறையில், ஓர் ஏரியாவில் ரோந்து போகும் ஆள்தான் அந்த ஏரியாவின் பொறுப்பாளர். அங்கே திருட்டு நடந்தால் அவரே விசாரிக்க வேண்டும். கைரேகையும் அவர்தான் பார்க்க வேண்டும். தெருவில் சுற்றும் சிறுவனைப் பற்றிப் பள்ளியில் பேசுவதும் அவர் வேலை. பெரிய வழக்கு வந்தால் துப்பறியும் பிரிவுக்குத் தள்ளிவிட்டு ஓரமாக நிற்கும் பழக்கம் கிடையாது. அடிமட்டத்தில் இருக்கிறவர் கையில் இத்தனை அதிகாரம் கொடுத்தால், அவர் தலையில் ஏதாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத்தான் ஆபத்து.

இன்னொரு விதியும் இருந்தது. கைதியை அடிக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து என்ற நிலை தவிர, யார் மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் வேலையை விட்டுப் போக வேண்டும். அடித்து வாக்குமூலம் வாங்குவது அமெரிக்கப் போலீஸில் சகஜமாக இருந்த காலம் அது. அடிக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும் என்றால், அதற்கும் படிப்புதான் வழி என்று அவர் நம்பினார்.

கேம்பஸில் விளம்பரம்

பயிற்சி மட்டும் போதாது, உள்ளே வரும் ஆளே சரியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த கட்டம். மனநல மருத்துவரை வைத்து விண்ணப்பதாரர்களைச் சோதித்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு வைத்த ஆல்ஃபா என்ற அறிவுத்திறன் தேர்வை எடுத்து, போலீஸ் ஆளெடுப்பில் வைத்தார். பின்னணியை விசாரித்தார். கடைசியில் நேரில் உட்காரவைத்துப் பேசுவார்.

1919-ல், பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் போலீஸ் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார். படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம், ராத்திரியில் ரோந்து, பகலில் கிளாஸ். ஃபீஸ் கட்டப் பணம் தேடிக்கொண்டிருந்த பையன்கள் வந்து குவிந்தார்கள். மற்ற ஊர் போலீஸ்காரர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலேஜ் போலீஸ் என்று கிண்டல் பேரே வைத்துவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் சிலரைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நிற்கும். 1921-ல் சேர்ந்த ஓ.டபிள்யூ. வில்சன், பின்னாளில் கேன்சஸ் மாநில விச்சிட்டா நகரின் போலீஸ் தலைவராகி, 1960-ல் சிகாகோ போலீஸையே சீர்செய்ய அழைக்கப்பட்டவர். போலீஸ் நிர்வாகம் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் பல தலைமுறை அதிகாரிகளுக்கு வேதம் மாதிரி. கொரியப் போரில் வட கொரியாவிடம் மூன்று வருஷம் சிறைப்பட்டிருந்த அமெரிக்க ஜெனரல் வில்லியம் டீன், மாணவராக இருந்தபோது வோல்மரிடம் போலீஸ்காரராக இருந்தவர்.

அப்புறம் ஜான் லார்சன். உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பட்டத்தோடு பெர்க்லி போலீஸில் சீருடை போட்டார். ரத்த அழுத்தமும் மூச்சும் பேசும்போது எப்படி மாறுகிறது என்று பதிவுசெய்யும் ஒரு கருவியை 1921-ல் உருவாக்கினார். நாம் இன்று பொய் கண்டறியும் கருவி என்கிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான். அடித்து விசாரிப்பதற்கு மாற்று என்று வோல்மர் இதை ஊக்குவித்தார். முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று, மாணவியர் விடுதியில் நடந்த திருட்டு. ஒரு மாணவி சோதனையின்போது உடைந்துபோய், பிறகு ஒப்புக்கொண்டார். இன்னொரு விஷயம், அந்தச் சோதனைக்கு உட்கார்ந்த வேறொரு மாணவியைத்தான் லார்சன் பின்பு கல்யாணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் தன் கருவியையே கடுமையாக விமர்சித்தவரும் அவர்தான். அது வேறு கதை.

பேட்ஜைக் கழற்றி வைக்கலாம்

அதே 1919-ல் வோல்மர் வேலைக்கு எடுத்த இன்னொருவர் வால்டர் கார்டன். கறுப்பினத்தவர். பெர்க்லியின் கல்லூரிக் கால்பந்து நட்சத்திரம், சட்டக் கல்லூரி மாணவர். பெர்க்லி போலீஸில் முதல் கறுப்பின அதிகாரி இவர்தான்.

வெள்ளைக்கார போலீஸ்காரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்க வோல்மரின் அறைக்கு வந்தார்கள். இவரோடு வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். வாதாடவில்லை வோல்மர். போகிறவர்கள் பேட்ஜை வைத்துவிட்டுப் போகலாம் என்ற பொருளில் அமைதியாகச் சொல்லிவிட்டார். ஒருவரும் போகவில்லை. கார்டன் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து முடித்தார். பிற்காலத்தில் அமெரிக்க விர்ஜின் தீவுகளின் ஆளுநராகவும், அங்கேயே ஃபெடரல் நீதிபதியாகவும் ஆனார்.

1925-ல் எலிசபெத் லாசிங் என்ற சமூகப் பணியாளரை அழைத்துவந்து, குற்றத் தடுப்புப் பிரிவைத் தொடங்கிப் பொறுப்பைக் கொடுத்தார். சிறுவர்கள் தப்பான வழிக்குப் போகும் முன்பே குடும்பத்தோடும் பள்ளியோடும் பேசுவது அந்தப் பிரிவின் வேலை. போலீஸ்காரர் பாதி சமூகப் பணியாளர் என்பது வோல்மர் பல வருஷமாகச் சொல்லிவந்த கருத்து.

பயிற்சிப் பள்ளியைவிடவும் எனக்குச் சுவாரஸ்யமாகத் தோன்றுவது, வாராவாரம் வெள்ளிக்கிழமை நடந்த ஒரு கூட்டம். அதற்கு நண்டு கிளப் என்ற மாதிரி ஒரு விளையாட்டுப் பெயர். குறை சொல்லும் கிளப் என்று அர்த்தம். அங்கே யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் முகத்துக்கு நேராகக் குறை சொல்லலாம். நேற்று சேர்ந்த ரெக்ரூட், தலைவர் வோல்மரையே கேள்வி கேட்கலாம். பேசியது அறையை விட்டு வெளியே போகக் கூடாது, மனதிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. சல்யூட் அடிப்பதே முதல் பாடமாக இருக்கும் ஒரு துறையில், மேலதிகாரியிடம் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லப் பயிற்சி கொடுத்திருக்கிறார் மனுஷன்!

லாஸ் ஏஞ்சல்ஸில் சறுக்கல்

பெர்க்லி சின்ன ஊர். படித்தவர்கள் அதிகம். ஆட்களைத் தலைவரே ஒவ்வொருவராகப் பேசித் தேர்ந்தெடுக்கலாம். இதே முறை பெரிய நகரத்தில் எடுபடுமா?

1923-ல் அந்தச் சோதனை வந்தது. மதுவிலக்குக் காலம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் போலீஸும் ஊழலில் ஊறியிருந்தன. தலைவர் நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெர்க்லியிலிருந்து ஒரு வருஷ விடுப்பில் வோல்மர் அங்கே போலீஸ் தலைவரானார். போனதும் முதல் காரியங்களில் ஒன்றாக, மொத்தப் படைக்கும் ஆல்ஃபா தேர்வு வைத்தார். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட சீனியரும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பலருக்கு மார்க்கும் நன்றாக வரவில்லை.

பயிற்சிப் பள்ளியை வலுப்படுத்தினார். பதவி உயர்வு தகுதிப்படி வேண்டும் என்றார். ஆனால் போலீஸ் வேலை என்பதே அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களுக்குத் தரும் பரிசாக இருந்த ஊர் அது. ஆளெடுப்பைத் தேர்வு மூலம் நடத்தினால், சிபாரிசு செய்து பிழைக்கிறவர்களின் பிழைப்பு போகும். சூதாட்டக்காரர்களும் கள்ளச்சாராயக்காரர்களும் சும்மா இருப்பார்களா? அவருடைய பெயர் ஆகஸ்ட் என்பதை வைத்து, செப்டம்பர் பிறந்தால் ஆகஸ்ட் முடிந்தது என்ற அர்த்தத்தில் நகரில் விளம்பரப் பலகையே வைத்தார்கள். சிலேடை பலித்தது. 1924-ல் வருஷம் முடிந்ததும் பெர்க்லிக்குத் திரும்பிவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று விரிவான அறிக்கை ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டார்கள்.

இந்தத் தோல்வி அவருக்கு ஒன்றைக் காட்டியிருக்க வேண்டும். ஒரு தலைவர் நல்லவராக இருந்தால் ஒரு ஊர் மாறலாம். ஆனால் பதவியிலிருந்து அவரை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம் என்றால், அவர் வைத்த தேர்வும் பள்ளியும் அவரோடு போய்விடும். அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் கவனம் ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகங்கள் பக்கம் திரும்பியது. ஒரு மேயரால் டிகிரி படிப்பைக் கலைக்க முடியாது.

பேராசிரியர் வோல்மர்

1929-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரைப் போலீஸ் நிர்வாகப் பேராசிரியராக அழைத்தது. ஹைஸ்கூல் படிக்காதவர் பேராசிரியர்! பிறகு பெர்க்லியிலும் 1932 முதல் 1937 வரை அதே வேலை. 1930-ல் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் போலீஸ் படிப்பு தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு. 1932-ல், 27 வருஷத்துக்குப் பிறகு, பெர்க்லி போலீஸிலிருந்து ஓய்வு பெற்றார்.

இதற்கு நடுவில், அமெரிக்க அதிபர் ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் கமிஷனுக்காக 1931-ல் போலீஸ் பற்றிய அறிக்கையைத் தயாரித்தவர் வோல்மர். நாடு முழுக்க நிலைமையைப் பார்த்தால், பெரும்பாலான நகரங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஹைஸ்கூல் வாசலை மிதிக்காதவர்கள். அரசியல் தலையீட்டில் போலீஸ் தலைவர்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறிக்கொண்டிருந்தார்கள். பெர்க்லியில் பள்ளி தொடங்கி 23 வருஷம் ஆன பிறகு நாட்டின் நிலைமை இது. அதே கமிஷனின் இன்னோர் அறிக்கை, போலீஸ் நடத்தும் சித்திரவதை விசாரணைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பரபரப்பை உண்டாக்கியது.

1936-ல் எழுதிய புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். போதைப் பழக்கம் மருத்துவப் பிரச்சினை, அதைப் போலீஸ் தலையில் கட்டக் கூடாது என்றார். மரண தண்டனையையும் எதிர்த்தவர் அவர். சூதாட்டக் கூடங்களை ரெய்டு செய்து பேர் வாங்கிய மார்ஷல் 30 வருஷத்தில் வந்து சேர்ந்த இடம் இது.

இன்னொரு பக்கம்

வோல்மரைப் பற்றிப் பேசும்போது பலர் தாண்டிப் போகும் சில விஷயங்கள் இருக்கின்றன. அந்த 1917 பாடத்திட்டத்தை முழுசாகப் பார்த்தால், வேதியியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பரம்பரை, இனச் சீரழிவு, நல்லினப் பெருக்கம் என்ற தலைப்புகளும் இருக்கும். சில இனத்தவர் பிறப்பிலேயே தாழ்ந்தவர்கள் என்ற போலி அறிவியல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோலோச்சிய காலம் அது. அதையும் அறிவியல் என்றே நம்பி, ரெக்ரூட்டுகளுக்குப் பாடமாக வைத்தார் வோல்மர். வால்டர் கார்டனுக்காக உறுதியாக நின்றவரும் இவரேதான். இரண்டும் எப்படி ஒரே மனுஷனுக்குள் இருந்தன என்று கேட்டால் பதில் சுலபமில்லை. படிப்பு கொடுத்தால் போலீஸ் திருந்திவிடும் என்று சொல்பவர்கள், என்ன படிப்பு என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பிலிப்பைன்ஸ் விஷயமும் அப்படித்தான். ஓர் அந்நிய நாட்டை அடக்கப் போன ராணுவத்தில் கற்ற உத்திகளை, வேகமாக நகரும் படை, வரைபடத்தில் குறியிட்டுத் திட்டமிடுவது போன்றவற்றை, சொந்த ஊர் மக்கள் மேல் பயன்படுத்தினார் என்பது இன்றைய ஆய்வாளர்கள் சிலரின் விமர்சனம். போலீஸைக் காரில் ஏற்றியதில் வேகம் வந்தது, ஆனால் தெருவில் நடந்து முகம் பார்த்துப் பேசும் பழக்கம் குறைந்தது என்றும் சொல்கிறார்கள். தெருத் தெருவாக நடந்து ஊரைத் தெரிந்துகொண்ட முன்னாள் தபால்காரருக்கு இது கொஞ்சம் சங்கடமான விமர்சனம்தான்.

மறுபக்கம், காலேஜ் பையன்களில் பலர் டிகிரி முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. போலீஸ் சம்பளமும் மரியாதையும் அவர்களைப் பிடித்து வைக்கும் அளவுக்கு இல்லை.

கடைசி வருஷங்கள்

ஓய்வுக்குப் பிறகும் அவர் வீடு ஒரு வகுப்பறை மாதிரியே இருந்தது. பழைய மாணவர்கள், பல ஊர் போலீஸ் தலைவர்கள் ஆலோசனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 1941 டிசம்பர் கடைசியில், கல்லூரிகளில் போலீஸ் பயிற்சி நடத்துபவர்கள் சிலர் அவருடைய பெர்க்லி வீட்டில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைக்கு அமெரிக்கக் குற்றவியல் சங்கமாக இருக்கிறது. 1950-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே தனிக் கல்விப்புலம் உருவானது. அதன் முதல் தலைவர், ராத்திரி ரோந்து போய்க்கொண்டே படித்த அதே ஓ.டபிள்யூ. வில்சன்.

வயதான காலத்தில் வோல்மரைப் பார்கின்சன் நோய் பிடித்தது, புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. 1955 நவம்பர் 4-ம் தேதி, 79-வது வயதில், தன் வீட்டில் அவரே உயிரை முடித்துக்கொண்டார்.

அவர் கனவு கண்ட கல்விப்புலம் 1976-ல் மூடப்பட்டது. போலீஸைக் கடுமையாக விமர்சிக்கும் பேராசிரியர்கள் அங்கே சேர்ந்து, நிர்வாகத்தோடு மோதல் முற்றியதன் முடிவு அது. டிகிரி விஷயத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் பெரும்பாலான போலீஸ் துறைகளில் இன்றைக்கும் புதிதாகச் சேர ஹைஸ்கூல் சான்றிதழே போதும். பெர்க்லிக்குப் பின்னால் இருக்கும் மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு மட்டும் வோல்மர் சிகரம் என்று பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைப்பயணம் போகிறவர்கள் ஏறும் இடம்.